கடைசி நாளை ஆற்றிடம் விடுங்கள்

சிங்கப்பூருக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துவரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வரும் பள்ளி விடுமுறைக்கான உங்கள் பயண நிரல்கள் வந்து சேர்ந்தன. அனுப்பிய ஊர் வேறு, விலை வேறு, அட்டைப்படம் வேறு. கடைசி நாள் மட்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது: ‘காலை உணவு. செக் அவுட். மெர்லயன், 20 நிமிடம். ஷாப்பிங். விமான நிலையம்.’ முன்பு பலவற்றில் இருந்த ‘சிங்கப்பூர் ஆற்றங்கரை நடை’ என்ற வரியைக் காணோம். கேட்டதற்கு மூன்று பதில்கள் வந்தன. கடைசி நாளில் ஆட்கள் களைத்துப்போயிருப்பார்கள். கோச் (சுற்றுலாப் பேருந்து) வாடகை ஏறிவிட்டது. ஆற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

இதை எழுதுபவர்கள் தமிழ்க் குழுக்களோடு இந்த ஊரில் நடக்கும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள். நீங்கள் தரும் நிரலை நிறைவேற்றுவது எங்கள் வேலை. அதனால் இதுவரை வாய் திறக்கவில்லை. இந்த முறை அப்படி விட மனமில்லை. நீங்கள் வெட்டியிருப்பது, இந்தத் தீவில் தமிழ் விருந்தினருக்கு மிக நெருக்கமான ஒன்றரை கிலோமீட்டர்.

முதலில் மெர்லயனுக்கு, அதாவது சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட அந்தச் சிலைக்கு, நீங்கள் ஒதுக்கிய 20 நிமிடத்தைக் கணக்குப் பார்ப்போம். கோச்சில் 42 பேர். முன் இருக்கைகளில் வயதானவர்கள். அவர்கள் இறங்கினால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு வழி. அதற்கு 5 நிமிடம். கோச் அங்கே நின்றுகொண்டிருக்க முடியாது. இறக்கிவிட்டு ஓட்டுநர் சுற்றப் போய்விடுவார். தலை எண்ணி, கூட்டத்தைக் கடந்து, சிலைக்கு எதிரே போய் நிற்க இன்னொரு 5 நிமிடம். திரும்பி வந்து ஏறவும் அதே 10. ஆகக் கூட்டல் முடிந்தது. சிலையைப் பார்க்க நேரம் பூஜ்யம். நடைமுறையில் அது 35 நிமிடமாக நீளும், ஓட்டுநர் இரண்டாவது சுற்றும் சுற்றிவிட்டுக் கோபத்தோடு வருவார். 12 குடும்பங்கள் இருந்தால் 12 குடும்பத்துக்கும் சிங்கத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் கையில் ஏந்துவது போலப் படம் வேண்டும். கை தண்ணீருக்கு நேராக வர ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். இதற்கு நடுவில் கழிப்பறை எங்கே என்று இரண்டு பேர் கேட்பார்கள். அவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள்.

படமாவது நன்றாக வருமா என்றால், அதுவும் இல்லை. சிலை கிழக்கு முகமாக நிற்கிறது. காலை வெயில் நேராக முகத்தில் விழும். செக் அவுட், மதிய உணவு எல்லாம் முடித்து நீங்கள் எங்களை அங்கே அனுப்பும் 3 மணிக்கு மேல் வெயில் சிலையின் முதுகுப் பக்கம் போய்விடுகிறது; படத்தில் சிங்கமும் கறுப்பு, எதிரே நிற்கும் அத்தையும் கறுப்பு.

இன்னொன்று. 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையும் உள்ள அந்தச் சிலையை 1972 செப்டம்பர் 15 அன்று திறந்துவைத்தபோது அது நின்றது ஆற்றின் முகத்துவாரத்தில். 1997இல் எஸ்பிளனேட் பாலம் வந்து கடற்பக்கத்திலிருந்து அதை மறைத்ததால், 2002இல் 120 மீட்டர் தள்ளி இப்போதைய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதாவது மெர்லயன் இந்த ஆற்றின் வாசற்காவல். ஆற்றை விட்டுவிட்டு அதை மட்டும் பார்த்துத் திரும்புவது, ராஜகோபுரத்தின் முன் செருப்பைக் கழற்றிப் படம் எடுத்துக்கொண்டு, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போவது மாதிரி.

கோச் வாடகைக்கு வருவோம். ஆற்று நடைக்குக் கோச்சே தேவையில்லை என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் குழுக்களில் பெரும்பாலானவை லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவைச் சுற்றித்தான் தங்குகின்றன. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஊதா நிறப் பாதையில் கிளார்க் கீ இரண்டாவது நிறுத்தம். ஃபேரர் பார்க்கில் ஏறினால் மூன்றாவது. இடையில் வண்டி மாற வேண்டாம். பெட்டிகள் ஹோட்டலிலேயே இருக்கட்டும். கோச்சைக் கடைசி நாளில் ஒரே ஒரு முறை, ஹோட்டலிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்குப் போக மட்டும் சொன்னால் போதும். இப்போதைய நிரலில் பெட்டிகள் எல்லாம் கோச்சின் வயிற்றில் ஏறிவிடுவதால் நாள் முழுக்க வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வாடகை ஏறியது அதனால்தான், ஆற்றால் இல்லை.

ஷாப்பிங் நிறுத்தத்தை ஏன் விட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதை எடுக்கச் சொல்லவில்லை, இரண்டாவது இரவுக்கு மாற்றச் சொல்கிறோம். தேக்காவில் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடை இருக்கும்போது, பகலைக் கடைக்குள் கழிப்பானேன்?

இனி, ஆற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. கிம் செங் பாலத்திலிருந்து முகத்துவாரம் வரை ஆறு மொத்தமே 3 கிலோமீட்டர் சொச்சம்தான். காவிரியையும் தாமிரபரணியையும் பார்த்தவர்களுக்கு இது வாய்க்கால். அகலத்தைக் காட்டினால் யாரும் வியக்கப் போவதில்லை. கரையில் கிடக்கும் கதையைக் காட்ட வேண்டும். அதில் நம் ஆட்களின் கதை எவ்வளவு என்று நிரல் போடுபவர்களுக்கே தெரியவில்லையோ என்று எங்களுக்குச் சந்தேகம்.

கிளார்க் கீ நிலையத்திலிருந்து வெளியே வந்து கோல்மன் பாலத்தைக் கடந்தால் பழைய ஹில் ஸ்ட்ரீட் காவல் நிலையம். 1934இல் கட்டியது, 927 சன்னல்கள், வானவில் வரிசையில் வண்ணம் பூசியவை. பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டால் 5 நிமிடம் நிம்மதி. அங்கிருந்து வடகரையோடு கீழ்நோக்கி நடந்தால் எல்ஜின் பாலம். இப்போதுள்ள பாலம் 1929இல் வந்தது. பாலத்துக்கு வடக்கே போகும் சாலை நார்த் பிரிட்ஜ் ரோடு, தெற்கே போவது சவுத் பிரிட்ஜ் ரோடு. ஊரின் இரண்டு பெருஞ்சாலைகளுக்கும் பெயர் கொடுத்தது இந்தக் கடவுதான். அந்தத் தெற்குச் சாலையிலேயே நேராகப் போனால் மாரியம்மன் கோயில். 1827இல் எழுந்தது, இங்குள்ள இந்துக் கோயில்களில் மூத்தது. அதை எழுப்பிய நாராயண பிள்ளை, இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் 1819இல் பினாங்கிலிருந்து வந்த கப்பலில் கூட வந்தவர். கருவூலத்தில் நாணயம் பார்க்கும் வேலையில் தொடங்கி, செங்கல் சூளை போட்டு, ஊரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர்களில் ஒருவரானார். 2019 ஜனவரியில், 200ஆம் ஆண்டை ஒட்டி, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலைக்கு அருகே அவருக்கும் சிலை வைத்தார்கள். ஊரின் தொடக்கக் கதையில் வரும் சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோரோடு. உங்கள் நிரலில் மாரியம்மன் கோயில் முதல் நாளில் இருக்கிறது, ஆறு எங்குமே இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளை யார் என்பது விருந்தினருக்கு விளங்கும்.

எல்ஜின் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில் தெரியும் வளைவு போட் கீ. ஆறு இங்கே வயிறு போலப் புடைக்கிறது. சீன வணிகர்கள் இதைக் கெண்டை மீனின் வயிறு என்றார்கள். செல்வம் அங்கேதான் தங்கும் என்று அடித்துப் பிடித்துக் கடை போட்டார்கள். 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இந்த வளைவில் நடந்தது. கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். சரக்கைத் தொங்காங் என்ற சரக்குப் படகில் ஏற்றி உள்ளே கொண்டுவர வேண்டும். ஆரம்பக் காலத்தில் அந்தப் படகுகளைத் தள்ளியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், தமிழ் முஸ்லிம்கள். பின்னால் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போயிற்று. சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயர் மட்டும் போட் கீக்குப் பின்னால் நிற்கிறது. அதற்குப் பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் நகரத்தார் வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. செட்டித் தெரு என்றே அதற்குப் பெயர். கிட்டங்கி இருந்த இடத்தில் இன்று வங்கிக் கோபுரங்கள். ஆற்றங்கரைச் சிற்பங்களில் ஒன்றில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் பக்கம், செட்டியாரும் இக்கால நிதித்துறைக்காரர்களும் வெண்கலத்தில் சேர்ந்திருக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்துக் குழு வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்த்துவது எங்களுக்குப் பெரிய பாடு. அந்தச் செட்டியார்கள் 1859இல் டேங்க் ரோட்டில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும் ஆற்றிலிருந்து எட்டும் தூரம்தான். தைப்பூசக் காவடி சிராங்கூன் சாலையிலிருந்து புறப்பட்டு வந்து சேரும் இடம் அது.

எங்களுக்கு அதிக நேரம் வேண்டியிருப்பது கெவனா பாலத்தில். அதன் வாயிலில் ஒரு பழைய காவல்துறை அறிவிப்புப் பலகை இருக்கிறது. சுமையோடு 3 ஹண்ட்ரட்வெயிட் எடைக்கு மேற்பட்ட வண்டிகளும், எல்லா மாடுகளும் குதிரைகளும் இந்தப் பாலத்தில் போகக் கூடாது என்கிறது அது. 3 ஹண்ட்ரட்வெயிட் என்றால் 152 கிலோ. வெறும் மாட்டு வண்டியே ஏற முடியாது என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் குழு சிரிக்கும். பிறகு மேலே இரும்புக் கட்டுகளையும் ஆணிகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இரும்பு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. இங்கே அதைப் பூட்டி நிறுத்தும் வேலையைச் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். 1869இல் முடிந்த இது அவர்கள் கைபட்ட கடைசிப் பெரிய பொதுப்பணி. பழைய உருவம் மாறாமல் இந்த ஆற்றில் நிற்கும் பாலங்களில் இதுவே மூத்தது. சிரித்த கூட்டம் இந்த இடத்தில் அமைதியாகிவிடும்; கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இதற்கு 10 நிமிடம் வேண்டும். கோச் காத்திருக்கும் நினைப்போடு இதைச் சொல்ல முடியாது.

அந்தப் பாலம் தாழ்வானது. ஓதம், அதாவது கடல் நீர்ப்பெருக்கு, ஏறினால் படகு அடியில் நுழையாது. நீர் வடியும்வரை படகுக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள். வண்டிப் போக்குவரத்துக்கும் அது தாங்கவில்லை. அதனால் 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் வந்தது, கெவனா நடப்பவர்களுக்கு என்று ஆயிற்று. இன்று அங்கே நின்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஓதம் ஏறாது. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு கடலை வெளியே நிறுத்திவிட்டது. ஆறும் விரிகுடாவும் இப்போது நன்னீர்த் தேக்கம். ஒரு காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த ஆறு இது. 1977இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ பத்து ஆண்டுக் கெடு வைத்துத் தூய்மைப் பணி தொடங்கினார். 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1987இல் வேலை முடிந்தது. கூவத்தையும் வைகையையும் பார்த்து வருபவர்கள் இதைப் பற்றித்தான் அதிகக் கேள்வி கேட்கிறார்கள். குடியிருப்புகளையும் பன்றிப் பண்ணைகளையும் எங்கே கொண்டுபோனார்கள், உணவு வண்டிகளுக்கு எங்கே இடம் கொடுத்தார்கள் என்று நுணுக்கமாகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆற்றில் பார்க்க ஒன்றுமில்லை என்று யார் உங்களிடம் சொன்னது?

பாலத்தைத் தாண்டியதும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் ஓரத்தில் ஆற்றுக்குள் குதிக்கும் 5 வெண்கலச் சிறுவர்கள். அங்கிருந்து சில நிமிடத்தில் மெர்லயன். ஆக, மெர்லயனும் நிரலில் இருக்கும். கடைசியாக, உரிய மரியாதையோடு.

களைப்பு என்ற பதிலுக்கு நேரம்தான் மருந்து. விமானம் இரவு 9 முதல் 12க்குள் என்றால் ஆற்றைக் காலையில் வையுங்கள். அதுவும் செக் அவுட்டுக்கு முன்னால். இது முக்கியம். இந்த ஊரில் பகலில் 31 முதல் 33 டிகிரி. புழுக்கம் அதற்கு மேல். அறையைக் காலி செய்துவிட்டு நடந்தால் வியர்த்த துணியோடு விமானம் ஏற வேண்டும். களைப்பு என்று விருந்தினர் சொல்வதில் பாதி இந்தப் பிசுபிசுப்பு. காலை நடை முடிந்து அறைக்குத் திரும்பிக் குளித்துவிட்டு 12 மணிக்குச் சாவியைக் கொடுத்தால் அந்தப் பேச்சே வராது.

எங்கள் கணக்கு இது. 6.45க்கு லாபி. தேநீரும் ரொட்டியும் அங்கேயே. 7 மணி ரயில். சூரியன் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்குத்தான் உதிக்கும், அதனால் முன்னே போய்ப் பயனில்லை. 8 மணிக்கு மேல் நகருக்குள் போகும் ரயில்களில் அலுவலகக் கூட்டம். 42 பேர் ஒரே வண்டியில் ஏற முடியாது, ஆகவே பின்னே போகவும் கூடாது. 7.20க்குக் கிளார்க் கீ. நிற்காமல் நடந்தால் 25 நிமிடத்தில் முடியும் தூரத்தை 80 நிமிடத்தில் நடக்கிறோம். 8.40க்கு மெர்லயன், முகத்தில் வெயில், கூட்டம் குறைவு. 9.10க்கு ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையம். அப்போது கூட்டம் எங்களுக்கு எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும். தோபி காட்டில் மாறி ஒரே நிறுத்தம், லிட்டில் இந்தியா. 9.45க்குச் சாப்பாட்டு மேசை. இதில் தவறக்கூடியது ஒன்றுதான்: சில ஹோட்டல்களில் காலை உணவை 9.30க்கே எடுத்துவிடுகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே அந்த நேரத்தைக் கேட்டு நிரலில் எழுதுங்கள்.

காலையில் போட் கீ பக்கம் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், கரை காலியாக இருக்கும். மாலையில் அதே இடத்தில் மேசைகள் பாதையை நெருக்கும். மெனு அட்டையோடு நிற்பவர்கள் நடப்பவர்களை மறிப்பார்கள். வயதானவர்களைக் கூட்டிப்போக வடகரைதான் நல்லது.

விமானம் நள்ளிரவுக்குப் பின் என்றால் மாலை நடை. 12க்குச் செக் அவுட், தேக்காவில் மதிய உணவு, ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் குளிர்ச்சியாக ஒன்றரை மணி நேரம். 5 மணிக்கு வெளியே வந்து கரை. 6.30க்குப் படகு, சுற்று 40 நிமிடம், ஏறும்போது வெளிச்சமும் இறங்கும்போது விளக்கும் கிடைக்கும். படகை 2 மணிக்கு வைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அப்போது இருக்கை கிடைக்கும் என்பது சரிதான். நீரில் பட்டுத் திரும்பும் வெயிலில் யாராலும் கண் திறக்க முடியாது. படகிலிருந்து இறங்கி ஜூபிலி பாலத்தில் நின்றால் 8 மணிக்கு மரினா பே சேண்ட்ஸ் பக்கம் நடக்கும் ஒளிக் காட்சியின் விளக்குகள் தெரியும், 15 நிமிடம். 2015இல் திறந்த அந்தப் பாலம் 220 மீட்டர்; நடப்பவர்களுக்கு மட்டும், படியில்லை, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். மாலை நடைக்கு ஒரு மாற்றுச் சட்டையைப் பெட்டியின் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு ஹோட்டல் நடையில் எல்லாவற்றையும் கலைப்பது வாடிக்கையாகிவிட்டது.

மழை வரும். நவம்பர் முதல் ஜனவரி வரை மணிக்கணக்கில் பெய்யும். மற்ற மாதங்களில் பிற்பகல் இடிமழை, சில நாள் விடிகாலையில் சுமத்ராக் காற்றோடு ஒரு வெளுப்பு. விடிகாலை மழை பெரும்பாலும் ஓரிரு மணியில் விட்டுவிடும். அன்று உணவை முன்னால் போட்டு, 10 மணிக்கு அரும்பொருளகம் திறக்கும்போது அங்கே போய், அதன் வாசலிலிருந்து கெவனா பாலத்தையும் மெர்லயனையும் முடித்துவிடலாம். இந்த மாற்றை நாங்களே முடிவு செய்ய அனுமதி வேண்டும். ஊரிலிருந்து தொலைபேசியில் ஒப்புதல் வாங்குவதற்குள் மழை விட்டு மறுபடி வந்துவிடுகிறது.

கோயிலை மதியம் 2 மணிக்குப் போடும் நிரல்களும் வருகின்றன. நண்பகலில் நடை சாத்தினால் மாலைதான் திறப்பார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மறக்கலாமா?

ரயிலில் போவதற்கு இரண்டு ஏற்பாடுகள் ஊரிலேயே முடிய வேண்டும். ஒற்றைப் பயணச் சீட்டு இப்போது இங்கே கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாயிலில் தொட்டுப் போகலாம். ஆனால் ஒரு அட்டைக்கு ஓர் ஆள்தான். அப்பா தொட்டுவிட்டு அம்மாவுக்கும் அதே அட்டையை நீட்டினால் வாயில் திறக்காது. பின்னால் வரிசை நின்றுவிடும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் தொட்டுச் செலுத்தும் வசதியும் வங்கிச் செயலியில் திறந்துவைக்காவிட்டால் வேலை செய்யாது. அதைப் புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள். அட்டை இல்லாதவர்களுக்குப் பயண அட்டையை முந்தின நாளே நாங்கள் வாங்கி வைக்கிறோம். 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணமில்லை. 42 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்கினால் யாரும் தொலைவதில்லை. ஒரு பத்து வண்டியைத் தவறவிட்டாலும் அடுத்த வண்டியில் வந்து அதே மேடையில் நிற்பார்கள்.

ஷாப்பிங்கை ஏன் கடைசி நாளில் வைக்கக் கூடாது என்பதற்குச் சாங்கியில் ஒரு காட்சி இருக்கிறது. பொருள் சேவை வரி இப்போது 9 விழுக்காடு. பங்கேற்கும் கடையில் ஒரே நாளில் 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் சுற்றுப்பயணி அதைத் திரும்பக் கேட்கலாம்; ஒரே கடையின் அன்றைய மூன்று ரசீதுகள் வரை கூட்டிக்கொள்ளலாம். பெட்டியில் போட்டு அனுப்பும் பொருள் என்றால், பெட்டியைக் கொடுக்கும் முன் புறப்பாட்டுக் கூடத்து இயந்திரத்தில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். சோதனைக்கு வா என்று திரையில் வந்தால் பொருளைச் சுங்க முகப்பில் காட்ட வேண்டும். மாலை 5 மணிக்குக் கடையிலிருந்து நேரே சாங்கிக்கு வரும் குழுவில் என்ன நடக்கிறது? எடை கூடிவிட்டது என்று முகப்பில் திருப்பி விடுவார்கள். தரையில் பெட்டியைப் பிரித்துக் கோடாலித் தைலமும் மைலோவும் சாக்லேட்டும் கைப்பைக்கு மாறும். அவசரத்தில் பெட்டி பட்டைக்குப் போய்விடும். அதற்குப் பிறகுதான் வரி ரசீது ஞாபகம் வரும். பொருள் எங்கே என்றால், பெட்டியில். அந்தக் காசு அவ்வளவுதான். இரண்டாவது இரவே வாங்கியிருந்தால் ஹோட்டலிலேயே எடை பார்த்து, ரசீதுகளை ஓர் உறையில் போட்டு, காட்ட வேண்டிய பொருளை மேலாக வைத்துக் கட்டியிருக்கலாம். கைப்பையில் வைக்கும் தைலப் புட்டி 100 மில்லிலிட்டருக்கு மேற்படக் கூடாது என்பதையும் முன்னாலேயே சொல்லலாம். முதல் மூன்று முனையங்களில் அந்தச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான் நடக்கிறது. அங்கே பறிகொடுத்தால் திரும்பிப் போய்ப் பெட்டியில் போட வழியில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. வரும் விடுமுறை நிரல் அச்சுக்குப் போகும் முன் ஆற்றங்கரை நடையைக் கடைசி நாளில் திரும்பச் சேருங்கள். குறைந்தது இரண்டரை மணி நேரம், இரவு விமானத்துக்குக் காலை, நள்ளிரவு தாண்டிய விமானத்துக்கு மாலை. ‘மெர்லயன் 20 நிமிடம்’ என்ற தனி வரியை எடுத்துவிட்டு அதை நடையின் முடிவில் வையுங்கள். ஷாப்பிங்கை இரண்டாவது இரவுக்கு மாற்றுங்கள். கடைசி நாள் கோச்சை விமான நிலையப் பயணத்துக்கு மட்டும் பேசி, மிச்சமாகும் தொகையில் ரயில் கட்டணத்தையும் மாலைக் குழுவின் படகுக் கட்டணத்தையும் பேக்கேஜ் விலைக்குள் அடக்குங்கள். கரையில் நின்று விருந்தினரிடம் காசு வசூலிக்க எங்களை விடாதீர்கள். நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், சக்கர நாற்காலி எத்தனை என்பதைக் குழு புறப்படும் மூன்று நாளுக்கு முன் எழுதி அனுப்புங்கள். மழையில் வரிசையை மாற்றும் முடிவை வழிகாட்டியிடம் விடுங்கள்.

இரவு விமானக் குழுக்களுக்கான வரியை நாங்களே எழுதித் தருகிறோம். அப்படியே அச்சிடலாம்:

‘கடைசி நாள்: காலை 6.45 லாபி. ரயிலில் கிளார்க் கீ. பழைய காவல் நிலையம், எல்ஜின் பாலம், ராஃபிள்ஸ் வந்திறங்கிய இடம், கெவனா பாலம், மெர்லயன் வரை வழிகாட்டியோடு நடை, ஒன்றரை கிலோமீட்டர். 9.45 ஹோட்டலில் காலை உணவு, குளியல். 12.00 செக் அவுட். பெட்டிகள் ஹோட்டலில். தேக்காவில் மதிய உணவு, ஓய்வு. விமானத்துக்கு நான்கு மணி நேரம் முன் ஹோட்டலிலிருந்து கோச். நடக்க வசதியான செருப்பு, தண்ணீர்ப் புட்டி, மழைச் சட்டை கொண்டுவரவும்.’

இப்படிக்கு,
சிங்கப்பூரில் தமிழ்க் குழுக்களோடு நடக்கும் வழிகாட்டிகள்